பெட்டி போன பிறகு

அந்தச் சிவப்புப் பெட்டிக்கு நான்கு சக்கரங்கள். மூன்று ஒழுங்காக உருளும். நான்காவது, சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை மாதிரி, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு 'கடக் கடக்' என்று சத்தம் போடும். ஊருக்குப் போகிறவர்கள் துணிமணி அடுக்கும் பெட்டிதான் அது. ஆனால் உள்ளே இருந்தவை மரக்கட்டைகள், மணி கட்டிய பந்து, சோப்புக் குமிழி ஊதும் குழாய், சாவி கொடுத்தால் குதிக்கும் தவளை, இன்னும் என்னென்னவோ. அதை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சின்னக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவளுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்தது. சம்பள நாளன்று மட்டும் அது வெளியே வரும். மற்றபடி எல்லா வீட்டிலும் அவள் பெட்டி அத்தை.

அவளுக்கு அதில் பெருமைதான். வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த சாமான்கள். எந்தக் குழந்தை எதற்கு மசியும் என்பது அவளுக்கு அத்துபடி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தைகூட மாடிப்படியில் சக்கரச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி வரும். அதை 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி வைப்பாள்.

அவள் வேலை பார்த்த மையம், மூன்று வயதுக்கு உட்பட்ட, வளர்ச்சியில் கொஞ்சம் பின்தங்கிய குழந்தைகளுக்கானது. பேச்சு வராதவர்கள், நடை வராதவர்கள், கூப்பிட்டால் காதிலேயே போட்டுக்கொள்ளாதவர்கள். வாரம் ஒருமுறை மையத்தின் ஆள் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பார். மூன்று வயது முடிந்தால் அது நின்றுவிடும். வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டாரிடம் ஒரு தாளைக் கொடுத்து, எங்கள் சேவை எப்படி இருக்கிறது, ஐந்துக்கு எத்தனை மார்க்கு என்று கேட்பார்கள். தாளைக் கொண்டுபோவது, பேனாவை நீட்டுவது, எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் சிரித்த முகமாக நிற்பது எல்லாம் அதே பயிற்சிக்காரர்தான். ஆளை எதிரில் நிற்க வைத்துக்கொண்டு மூன்று போட யாருக்கு மனசு வரும்? எல்லா வீட்டிலும் ஐந்துக்கு ஐந்து. மையத்தின் கூடத்தில் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியும் விட்டார்கள்.

அந்தத் தடவை பொறுப்பாளர் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டேதான் கூட்டத்தை ஆரம்பித்தார். ஐந்து போட்ட இரண்டு குடும்பங்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயிருந்தன.

“எல்லாரும் அஞ்சு போடுறாங்க. அப்புறம் கதவைச் சாத்திக்கிறாங்க. ஒண்ணு, நாம எல்லாரும் தெய்வப் பிறவிங்க. இல்லைன்னா நாம கேக்கிற விதத்துல ஏதோ கோளாறு. எது?”

நடைப் பயிற்சிக்கென்று ஒரு பெரிய ரப்பர் பந்தைத் தூக்கிக்கொண்டு அலைபவர் ஒருவர் உண்டு. குழந்தைகளுக்கு அவர் பந்து மாமா. தெய்வப் பிறவி என்பதில் தனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை என்று அவர் மட்டும் சொன்னார்.

பொறுப்பாளர் அம்மா சிரிக்கவில்லை. “இனிமே அவங்கவங்க வீட்டை அவங்கவங்களே கேக்க வேண்டாம். பெட்டியோட வீடுகளுக்குப் பந்து ஃபோன் பண்ணட்டும். பந்தோட வீடுகளுக்குப் பெட்டி. மார்க்கெல்லாம் வேண்டாம். ரெண்டே கேள்வி. வீட்ல எந்த நேரம் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு? நாங்க எதை மாத்தணும்? கேட்டுட்டு வாயை மூடிக்கணும். நடுவுல யாரும் சமாதானம் சொல்லக் கூடாது.”

அடுத்த வாரம் பந்து மாமா இரண்டு டீயோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். தன் காசில் டீ வாங்கிக் கொடுக்கிற ஆள் இல்லை அவர். ஏதோ சரியில்லை என்று அத்தைக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“பட்டாணி வீட்டுக்குப் பேசினேன்,” என்றார்.

பட்டாணி என்பது இரண்டரை வயது, உருண்டை முகம், எதற்கும் அசராத ஒரு பார்வை. நடை உண்டு, ஓட்டம் உண்டு, பரணில் இருப்பதைக்கூட எப்படியாவது எடுத்துவிடும் சாமர்த்தியம் உண்டு. பேச்சு மட்டும் இல்லை. ஒரு சொல்கூட இல்லை. நான்கு மாதமாக அத்தை அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“அவங்கம்மாதான் பேசினாங்க. உங்களை ரொம்ப உயர்வா சொன்னாங்க. நேரம் தவறாம வர்றீங்களாம். பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமையாம்.”

“விஷயத்துக்கு வாங்க.”

“அடுத்த மாசத்துலேர்ந்து வர வேண்டாம்னுட்டாங்க.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. அத்தை அதைத் தொடவில்லை.

“எந்த நேரம் கஷ்டம்னு கேட்டீங்களா?”

“கேட்டேன்.” அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார். “அவங்க போனதுக்கு அப்புறந்தான்னாங்க.”

“எவங்க?”

“நீங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. பட்டாணியின் அம்மா ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பொருள் வாங்கியவர்களின் புகார்களை நாள் முழுக்கக் கேட்பதுதான் வேலை. ஊரார் குறையையெல்லாம் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவளுக்குத் தன் குறையை ஒரு வார்த்தை நேரில் சொல்ல வாய் வரவில்லையா? ஒவ்வொரு வாரமும் “தேங்க்ஸ் மேடம்” என்று வாசல்வரை வந்து வழியனுப்பிய மகராசி!

கோபம் அடங்கியதும் பயம் வந்தது. பட்டாணிக்கு மூன்று வயது ஆக இன்னும் ஆறே மாதம். இப்போது கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். அந்த வீட்டுக்கு வேறு ஆளும் போகப்போவதில்லை. அவன் ஏதோ ஒரு விளிம்பில் நிற்கிறான், ஒரு அடி எடுத்து வைத்தால் போதும் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. தவிர, அவளுக்கு அவன்மேல் உயிர். தொழிலில் அப்படியெல்லாம் இருக்கக் கூடாது என்பார்கள். இருந்தது.

இரண்டு மாதமாக அவனுக்கு அவள் ஒரு சைகை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கை விரல்களையும் குவித்து, நுனியும் நுனியும் படும்படி தட்ட வேண்டும். 'இன்னும் வேண்டும்' என்று அர்த்தம். வாயில் பேச்சு வருவதற்கு முன்னால் கையில் வரட்டும் என்பதுதான் கணக்கு. குமிழி ஊதிவிட்டுத் தட்டிக் காட்டுவாள். தவளையைக் குதிக்க விட்டுவிட்டுத் தட்டிக் காட்டுவாள். அவன் வேடிக்கை பார்ப்பான். ஒரு தடவைகூடத் தட்டியதில்லை.

இதைப் பற்றி அவனுடைய அம்மாவிடம் அவள் மூச்சு விடவில்லை. அது அவளுடைய கொள்கை. தொழிலுக்கு வந்த புதிதில் வேறொரு தாயிடம், “அடுத்த மாசம் பேசிடுவான் பாருங்க” என்று வாய் விட்டுவிட்டாள். அந்தத் தாய் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்தாள். குழந்தை பேசவில்லை. அதிலிருந்து, தன் கண்ணால் பார்க்காத எதையும் வீட்டாரிடம் சொல்வதில்லை என்று வைத்திருந்தாள். நல்ல கொள்கைதான், யாரும் குறை சொல்ல முடியாது. அதோடு, பயிற்சி நடக்கும் நேரம் அம்மாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும் என்பது மையத்தின் வழக்கம். அம்மா கண்ணில் பட்டால் குழந்தை மடியை விட்டு இறங்காது. அதனால் பட்டாணியின் அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

பொறுப்பாளர் அம்மாவிடம் போய் நின்றபோது அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். “போய்ப் பாருங்க.”

“நான் போனதுக்கு அப்புறம் நடக்கிறதை நான் எப்படிம்மா பாக்கிறது?”

அவரும் யோசித்தார். பந்து மாமாதான் வழி சொன்னார். “பயிற்சி முடிஞ்சதும் பெட்டியை நான் இழுத்துட்டுப் போறேன். நீங்க போகாதீங்க.”

பட்டாணியின் அம்மாவுக்கு அத்தையே ஃபோன் செய்து கேட்டாள். மறுமுனையிலிருந்து “சரி, வந்து பாருங்க. பாத்தாதான் புரியும்,” என்று பதில் வந்தது.

அந்த வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யாது. வேடிக்கை என்னவென்றால் பட்டாணியின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றிவிடும் மனுஷன் தன் வீட்டுக்குப் படியேறித்தான் போனார், ஏனென்றால் அந்தக் கட்டடத்து லிஃப்ட் வேறு கம்பெனியின் பொறுப்பு. பந்து மாமா பின்னால் மூச்சு வாங்க, அத்தை பெட்டியைப் படிப்படியாக இழுத்து ஏற்றினாள். கடக், கடக், கடக். இரண்டாவது மாடி தாண்டும்போதே மேலே சின்னக் கால்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது.

வாசற்கதவின் உள்பக்கம், கீழே, ஒரு தலையணையைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். கொஞ்ச நாளாகவே அது அங்கே இருந்தது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க என்று அத்தை நினைத்திருந்தாள்.

எல்லாம் வழக்கம்போல நடந்தது. அம்மா சமையலறைக்குப் போனாள். பந்து மாமா வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். பெட்டி திறந்தது. பட்டாணியின் முகத்தில் விளக்கு ஏற்றி வைத்தது போல ஒரு வெளிச்சம். கட்டை அடுக்கினான், இடித்தான். தவளை குதித்தது. குமிழி பறந்தது. அத்தை தட்டிக் காட்டினாள், அவன் பார்த்தான், அவள் அடுத்ததை எடுத்தாள். இதற்கா இந்தப் பாடு, இப்படிச் சிரிக்கிற பிள்ளைக்கு நான் போன பிறகு என்ன கஷ்டம் வந்துவிடும் என்று அவளுக்கு மனத்தாங்கலாகவே இருந்தது.

நேரம் முடிந்தது. சாமான்கள் பெட்டிக்குள் போயின. 'டாட்டா' சொன்னாள். பந்து மாமா உள்ளே வந்து பெட்டியை வெளியே இழுத்துப்போனார், அத்தை பின்னால் நகர்ந்து சமையலறைக்குள் நழுவினாள். நழுவவே வேண்டியிருக்கவில்லை. பட்டாணி அவள் இருந்த பக்கம் திரும்பவில்லை. அவன் கண் பெட்டியோடு போயிற்று. இத்தனை நாள் வாசலுக்கு ஓடி வந்தது யாருக்காக என்பது அத்தைக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. கொஞ்சம் வலித்தது.

கதவு சாத்திக்கொண்டது. படியில் கடக், கடக் என்று சத்தம் இறங்கிப் போயிற்று. பட்டாணி உள்ளங்கையைக் கதவில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். சத்தம் தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போனது.

அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். இரண்டு கைகளையும் தூக்கி விரல்களைக் குவித்தான். நுனியோடு நுனி சேர்த்துத் தட்டினான். நிமிர்ந்து கதவின் கைப்பிடியைப் பார்த்தான். காத்திருந்தான். மறுபடி தட்டினான்.

சமையலறை வாசலில் அத்தை நிலையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மாதம் கேட்டும் தனக்குக் கிடைக்காதது சாத்திய கதவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. தட்டுவதில் ஒரு குறையும் இல்லை. அவ்வளவு சுத்தம்.

அவள் மூச்சு விடுவதற்குள் அம்மா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினாள். அவன் முன்னால் மண்டியிட்டு, அந்த இரண்டு சின்னக் கைகளையும் தன் கைகளுக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாம்டா செல்லம். வேண்டாம். அம்மா சொன்னா கேப்பேல்ல?” குரலில் கடுமையே இல்லை. பிடி மட்டும் இறுக்கமாக இருந்தது. அவன் கையை இழுத்தான். வரவில்லை. திமிறினான். பிறகு வீறிட்டு அலறிக்கொண்டு தலையைக் கதவில் முட்ட ஆரம்பித்தான். தலை சரியாகத் தலையணையில் பட்டது.

அத்தை வெளியே வந்தாள். அம்மா திரும்பாமலே, அழுகைச் சத்தத்துக்கு மேலே பேசினாள்.

“பாத்தீங்களா? இதான். சில நாள் ராத்திரி தூங்குற வரைக்கும்.”

“இந்தக் கை தட்டறது எப்போலேர்ந்து?”

“ரெண்டு மாசமா. முன்னாடி கிடையாது. நீங்க வந்துட்டுப் போனாதான் இப்படி. என்னமோ புதுசா ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு, அப்படியே விட்டா நிலைச்சுடுமோன்னு பயம். சில பிள்ளைங்க காரணமே இல்லாம கையை ஆட்டிக்கிட்டே இருக்கும்னு எங்கேயோ படிச்சேன். சாப்பிடும்போதுகூடத் தட்டுவான். பிடிச்சுப் பிடிச்சு அதை நிறுத்திட்டேன். கதவுகிட்ட மட்டுந்தான் இன்னும் நிக்கல.”

சாப்பிடும்போதுகூட.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“எப்படிச் சொல்றது? எங்க ஆபீஸ்ல ஒரு மார்க்கு குறைஞ்சாலும் ஒரு பொண்ணு திட்டு வாங்குவா. நானே வாங்கியிருக்கேன். நீங்க நல்லவங்க. உங்களுக்குக் குறைச்சுப் போட எனக்கு மனசு வரல. அதுக்கு நிறுத்திடறதே மேல்னு நினைச்சேன்.” பிறகு தலையைத் திருப்பினாள். “இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?”

ஒரு பொய்க்கு இடம் இருந்தது. 'பழக்கந்தான், போகப் போகச் சரியாயிடும், அடுத்த வாரம் புதுசா ஒரு சைகை சொல்லித் தரேன்' என்று பூசி மெழுகிவிடலாம். இந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே தெரிய வேண்டியதில்லை. நிம்மதியாக இருப்பாள். அத்தை அதை நினைக்காமல் இல்லை, நினைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

“பழக்கம் இல்லம்மா. பேச்சு. 'இன்னும் வேணும்'னு கேக்கிறான். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என்கிட்ட அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. அதனால வரலைன்னு நினைச்சு உங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன். தப்பு என்னோடது.”

அம்மாவின் பிடி தானாகத் தளர்ந்தது. பட்டாணி கைகளை உருவிக்கொண்டு தலையணையில் சாய்ந்து விம்மினான். அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ ரெண்டு மாசமா நான் அவன் வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருக்கேன்.”

“உங்களைச் சமையலறையில உக்கார வெச்சது நாங்க.”

அம்மா அழுதாள். அத்தைக்கு நாக்கு நுனிவரை ஆறுதல் வந்தது. நடுவில் யாரும் சமாதானம் சொல்லக் கூடாது என்று பொறுப்பாளர் அம்மா சொன்னது ஞாபகம் வர, அதை விழுங்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் அழுகைக்கு நடுவில் சும்மா இருப்பது லேசான காரியம் இல்லை.

விம்மல் கொஞ்சம் ஓய்ந்ததும் மெல்லக் கேட்டாள். “பெட்டியில இருக்கிறது வேண்டாம். வீட்ல அவனுக்கு ரொம்பப் பிடிச்சது எது?”

“அவங்கப்பாவோட டார்ச்.”

ஆணியில் மாட்டியிருந்த டார்ச்சை அம்மா எடுத்து வந்தாள். இருட்டாக இருந்த சுவரில் அடித்தாள். வட்டமாக வெளிச்சம் விழுந்தது. பட்டாணியின் விம்மல் பாதியில் நின்றது.

“இப்போ அணைச்சிடுங்க. ஒண்ணும் சொல்லாதீங்க. காத்திருங்க.”

டார்ச் அணைந்தது. அவன் சுவரைப் பார்த்தான். நேரம் போயிற்று. அத்தைக்குக் கை குறுகுறுத்தது. இந்நேரம் அவளாக இருந்தால் குமிழியோ தவளையோ அடுத்ததை நீட்டியிருப்பாள். பெட்டிக்குள் அடுத்த சாமான் எப்போதும் தயாராக இருந்தது, அவன் எதற்காகக் கேட்க வேண்டும்? நான்கு மாதத்தில் அவன் கேட்பதற்கு அவள் இடமே விட்டதில்லை. கையைக் கட்டிக்கொண்டாள்.

பட்டாணி சுவரைப் பார்த்தான், டார்ச்சைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அவன் கைகள் மெல்ல மேலே வந்தன. விரல்கள் குவிந்தன.

அம்மாவின் இடது கை பழக்க தோஷத்தில் அவற்றைப் பிடிக்கப் போயிற்று. பாதி வழியில் நின்றது. திரும்பி வந்து அவள் மடியில் உட்கார்ந்துகொண்டது.

அவன் தட்டினான்.

டார்ச் எரிந்தது. “இன்னுமா? இன்னும் வேணுமா என் தங்கத்துக்கு?” என்றாள் அம்மா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. அணைத்தாள். அவன் தட்டினான். எரிந்தது. அணைந்தது. ஹெட்ஃபோனில் யாரோ ஒரு வாடிக்கையாளர் தன் புகாரைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். வந்த வேலையில் ஒன்று பாக்கி இருந்தது.

“நாங்க எதை மாத்தணும்?”

அம்மா டார்ச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “இனிமே கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்கார மாட்டேன். நானும் இங்கேயே இருப்பேன்.”

“சரி.”

“பெட்டி வேண்டாம்.”

“சரி.” கொஞ்சம் தயங்கினாள். கேட்காமல் போகவும் முடியவில்லை. “நான்?”

அம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “வாங்க,” என்றாள். “ஆனா என்ன நடக்குதுன்னு என்கிட்ட சொல்லணும். வராததையும் சொல்லணும்.”

“சொல்றேன்.”

அத்தை வெளியே வந்து கதவைச் சாத்தினாள். படியிலேயே நின்று கேட்டாள். இதற்குமுன் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை. இறங்கும்போதெல்லாம் அவள் காதில் சக்கரச் சத்தம்தான் இருந்திருக்கிறது. உள்ளே டார்ச்சின் பித்தான் டிக்கென்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டிக்கென்றது.

கீழே பந்து மாமா பெட்டியின் மேலேயே உட்கார்ந்து ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். “என்ன சொன்னாங்க? திட்டினாங்களா?” என்று கேட்டுக்கொண்டே கைப்பிடியைப் பற்றி இழுத்தார். கடக் என்றது.

“உருட்டாதீங்க!” அவள் பாய்ந்து பெட்டியைப் பிடித்தாள். “தூக்குங்க.”

“இதையா? உள்ள என்ன கருங்கல்லா வெச்சிருக்கீங்க? இடுப்பு போயிடும்.”

“அவனுக்குக் கேக்கும். தூக்குங்க.”

அவர் மேலே மாடியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு இருவரும் தெருமுனைவரை நடந்தார்கள்.